மிண்டி கேலிங்: எழுத்தாளர் அறையிலிருந்து வந்த நடிகை

"மிண்டி கேலிங் ஒரு நடிகைதானே? அவருக்கு மட்டும் இத்தனை தொடர்கள் எப்படிச் சொந்தமாயின? தானே எழுதி, நடித்து, தயாரிப்பதெல்லாம் ஒரே ஆளால் முடிகிற காரியமா?" என்பது கேள்வி.

முதலில் ஒரு திருத்தம். கேலிங் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குள் நுழைந்தது எழுத்தாளராக. நடிப்பு அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்ததாக, சட்டப்படி பார்த்தால் அவருடைய தொடர்கள் அவருக்குச் சொந்தமானவை அல்ல. பதிப்புரிமை தொடரைத் தயாரிக்கும் ஸ்டுடியோக்களிடம் இருக்கிறது. அவரிடம் இருப்பது 'உருவாக்கியவர்' என்ற பெயரும், அதோடு வரும் பணமும், அடுத்த தொடருக்கான பேரம் பேசும் வலிமையும். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். 1979-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா வங்காளி. டார்ட்மவுத் கல்லூரியில் படிப்பை முடித்து நியூயார்க் வந்தவர், தோழி பிரெண்டா விதர்ஸோடு சேர்ந்து 'மாட் அண்ட் பென்' என்ற நாடகத்தை எழுதினார். மாட் டேமன், பென் அஃப்ளெக் என்ற இரண்டு ஹாலிவுட் நடிகர்களைக் கேலி செய்யும் நாடகம். அந்த இரண்டு வேடங்களையும் இந்தப் பெண்களே போட்டார்கள். அஃப்ளெக்காக வந்தவர் கேலிங். 2002-ல் நியூயார்க் ஃப்ரின்ஜ் விழாவில் மேடையேறி, பிறகு ஆஃப் பிராட்வேக்கு, அதாவது நியூயார்க்கின் சிறிய தொழில்முறை அரங்குகளுக்குப் போனது. ஒரு பழுப்பு நிறப் பெண்ணுக்கு அந்த நாளில் எந்த ஆடிஷனிலும் கிடைத்திருக்காத வேடம் அது. எழுதிய கை தன்னுடையதாக இருந்ததால் கிடைத்தது.

அடுத்து நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. இந்த நாடகத்தைப் பார்த்த டபிள்யூபி நெட்வொர்க் (தொடர்களை வாங்கி ஒளிபரப்பும் நிறுவனம்), இரு தோழிகளின் வாழ்க்கையை வைத்தே ஒரு நகைச்சுவைத் தொடருக்குப் பைலட், அதாவது மாதிரி முதல் எபிசோட், எழுதச் சொன்னது. ஸ்கிரிப்ட் எழுதி முடித்த பிறகு, 'மிண்டி' என்ற பாத்திரத்தில் நடிக்க மிண்டியே தேர்வாகவில்லை. தொடரும் உருவாகவில்லை. எழுத்தை விற்கும்போதே 'இந்த வேடத்தில் நான்தான்' என்பதை ஒப்பந்தத்தில் ஏற்றாவிட்டால், எழுத்து ஒரு வழியிலும் நடிகை வேறு வழியிலும் போய்விடுவார்கள். பைலட் வாங்குகிறவருக்கு அவை இரண்டும் தனித்தனிச் சரக்கு. சில்வெஸ்டர் ஸ்டாலோன் 'ராக்கி' ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு தானே நடிப்பேன் என்று அடம்பிடித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அப்படி அடம்பிடித்துத் தோற்றவர்களின் பட்டியலை யாரும் சொல்வதில்லை.

2004-ல் கிரெக் டேனியல்ஸ், பிரிட்டிஷ் தொடரான 'தி ஆஃபீஸ்' அமெரிக்க வடிவத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். கேலிங் எழுதிய ஒரு ஸ்பெக் ஸ்கிரிப்டைப் படித்து அவரை எடுத்தார். ஸ்பெக் ஸ்கிரிப்ட் என்றால், யாரும் கேட்காமல், கூலி இல்லாமல், தன் திறமையைக் காட்டுவதற்காக எழுதும் மாதிரி ஸ்கிரிப்ட். 24 வயது, எட்டுப் பேர் கொண்ட எழுத்தாளர் குழுவில் ஒரே பெண். நியமனமே 'எழுத்தாளர்-நடிகர்' என்ற இரட்டை வேலைக்குத்தான். பி.ஜே. நோவாக்கும் அப்படியே. பால் லீபர்ஸ்டைன் எழுத்தாளராக வந்து நடிக்கவும் செய்தவர். அவர்கள் நடித்த கெல்லி, ரயன், டோபி மூவரின் மேசைகளும் அலுவலகத்தின் பின்பக்க அறையில் இருப்பதைத் தொடரைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். முன்னறையில் உட்காரும் நடிகர்கள் காட்சிக்குக் காட்சி பின்னணியில் தெரிந்தாக வேண்டும், நாள் முழுக்க செட்டை விட்டு நகர முடியாது. எழுத்தாளர்களைப் பின்னறைக்குத் தள்ளியதால் அவர்கள் எழுதப் போக முடிந்தது. எழுதி நடிக்கிறவருக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது: செட் அமைப்பிலேயே அதற்கு வழி செய்திருக்க வேண்டும்.

எழுத்தாளர் அறை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது. அமெரிக்க நெட்வொர்க் நகைச்சுவை எபிசோட் விளம்பரம் போக 21, 22 நிமிடம். ஸ்கிரிப்ட் ஏறத்தாழ 30 பக்கம். முதலில் எல்லோரும் உட்கார்ந்து கதையை உடைப்பார்கள்: முதன்மைக் கதை, துணைக் கதை, சில சமயம் மூன்றாவதாக ஒரு சின்ன இழை, எல்லாம் வெள்ளைப் பலகையில் காட்சி காட்சியாக ஏறும். பிறகு ஒருவர் அதை எடுத்துப் போய் அவுட்லைன் எழுதுவார். அது ஸ்டுடியோவுக்கும் நெட்வொர்க்குக்கும் போய்க் குறிப்புகளோடு திரும்பும். ஒன்றிரண்டு வாரத்தில் முதல் வரைவு. அதை மறுபடி அறை மொத்தமும் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தும். நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் டேபிள் ரீட். அங்கே சிரிப்பு வராத வரிகள் அன்று இரவே மாறும். சினிமா போலக் காட்சி காட்சியாக எடுக்கும் ஒற்றைக் கேமரா நகைச்சுவைக்குப் பொதுவாக ஐந்து நாள் படப்பிடிப்பு. ஒரு எபிசோடில் 'எழுதியவர்' என்று ஒரு பெயர் வந்தாலும் அதில் பத்துப் பேரின் வரிகள் இருக்கும். அந்தப் பெயர் வருவது முக்கியம்தான், மறு ஒளிபரப்புப் பணம் அந்தப் பெயரைத் தேடித்தான் வரும். ஆனால் அதைத் தனி ஒருவரின் படைப்பாகப் படிப்பது தவறு.

இந்த அறைக்குள் ஏணி ஒன்று இருக்கிறது. ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், எக்சிகியூட்டிவ் ஸ்டோரி எடிட்டர், கோ-ப்ரொட்யூசர், ப்ரொட்யூசர், சூப்பர்வைசிங் ப்ரொட்யூசர், கோ-எக்சிகியூட்டிவ் ப்ரொட்யூசர், எக்சிகியூட்டிவ் ப்ரொட்யூசர். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்று நினைக்கிறோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தப் பட்டங்களில் பெரும்பாலானவை எழுத்தாளரின் பதவி உயர்வுகள். பணம் போடுவது ஸ்டுடியோ. மேலே போகப் போக, நடிகர் தேர்வு, எடிட்டிங், செலவு பற்றிய முடிவுகளில் இடம் கிடைக்கும். கடைசிப் படியில், தொடரின் அன்றாட முடிவுகள் எல்லாம் யார் மேசைக்கு வருகிறதோ அவரே ஷோரன்னர். அடிப்படியில் இருக்கும் ஸ்டாஃப் ரைட்டருக்கு நெடுங்காலம் வாரச் சம்பளம் மட்டும்தான். தனியாக ஸ்கிரிப்ட் தொகை கிடையாது. 2023-ல் எழுத்தாளர் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில்தான் அது மாறியது.

கேலிங் இந்த ஏணியில் படிப்படியாக ஏறினார். இருபதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் அவர் பெயரில் வந்தன. 'தி ஆஃபீஸ்' பாத்திரங்களான ஜிம், பாம் இருவரின் திருமண எபிசோடான 'நயாகரா'வை டேனியல்ஸோடு சேர்ந்து எழுதியதற்கு, அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்குப் பரிந்துரை கிடைத்தது. 2011-ல் எட்டாம் சீசனுக்கு ஒப்பந்தம் புதுப்பித்தபோது எக்சிகியூட்டிவ் ப்ரொட்யூசர் ஆனார். சொந்தத் தொடர் ஒன்றை உருவாக்க யுனிவர்சல் டெலிவிஷனோடு டெவலப்மெண்ட் ஒப்பந்தமும் அதிலேயே சேர்ந்திருந்தது. பதவி உயர்வையும் அடுத்த தொடரையும் ஒரே மேசையில் பேசி வாங்கியது அவருடைய தொழில் வாழ்க்கையின் மிகச் சரியான நகர்வு என்பேன். ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு நீங்கள் தேவைப்படும்போதுதான் அடுத்ததற்குக் கையெழுத்து வாங்க முடியும். அது முடிந்தபின் போய்க் கேட்டால் பழைய புகழ்தான் கையில் இருக்கும்.

அந்தத் தொடர் 'தி மிண்டி ப்ராஜெக்ட்'. கதாநாயகி மகப்பேறு மருத்துவர், கேலிங்கின் அம்மா செய்த அதே தொழில். ஸ்கிரிப்டை முதலில் பார்த்த என்பிசி வேண்டாம் என்றது, ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது. தயாரித்தது என்பிசியின் சகோதர நிறுவனமான யுனிவர்சல். ஸ்டுடியோவும் நெட்வொர்க்கும் வெவ்வேறு வீடாக இருப்பதில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் உண்டு. நன்மை, ஒரு கதவு மூடினால் ஸ்டுடியோவே இன்னொரு கதவைத் தட்டும். ஆபத்து, நெட்வொர்க்குக்குத் தொடரில் உரிமை இல்லாததால் ரேட்டிங் சரிந்ததும் கைவிடத் தயங்காது. கேலிங் இரண்டையும் பார்த்தார்.

2012 செப்டம்பர் 25-ல் ஒளிபரப்பு தொடங்கியது. முதல் சீசன் மட்டும் 24 எபிசோட். எழுத்தாளர் அறை ஜூன் வாக்கில் கூடும், ஆகஸ்டில் படப்பிடிப்பு, செப்டம்பர் இறுதியில் ஒளிபரப்பு. ஜனவரி வரும்போது கையிருப்பு ஸ்கிரிப்டுகள் தீர்ந்து, எழுதுவதும் எடுப்பதும் எடிட் செய்வதும் ஒரே வாரத்தில் நடக்கும். கதாநாயகி கிட்டத்தட்ட எல்லாக் காட்சியிலும் இருக்கிறார்; நாளுக்கு 12 மணி நேரம் செட்டில். அந்த நேரத்தில் அறையில் யார் முடிவெடுப்பது?

எழுதி நடிக்கிறவர்களின் தொடர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அறை ஒரு முடிவெடுத்து மூன்று நாள் உழைக்கும். மாலையில் கதாநாயகி வந்து 'இது வேண்டாம்' என்பார். மூன்று நாள் வேலை குப்பைக்குப் போகும்; ஸ்கிரிப்ட் தாமதமாகும்; செட் காத்திருக்கும்; செலவு ஏறும். இதற்கு மருந்து, முடிவெடுக்கும் அதிகாரத்தை உண்மையாகவே பகிர்ந்துகொள்ளும் இரண்டாவது ஆள். கேலிங்குக்கு மாட் வார்பர்ட்டன் இருந்தார். 'இன்செக்யூர்' எடுத்த இஸா ரேவுக்கு ப்ரெண்டிஸ் பென்னி ஷோரன்னர். 'அபட் எலிமெண்டரி'யில் க்விண்டா ப்ரன்சன் உருவாக்கியவர், நாயகி, எக்சிகியூட்டிவ் ப்ரொட்யூசர். ஷோரன்னர்கள் ஜஸ்டின் ஹால்பர்ன், பேட்ரிக் ஷூமேக்கர். 'தனி ஒருத்தியாக எல்லாம் செய்தார்' என்ற செய்தியை 20-க்கு மேல் எபிசோட் உள்ள சீசன் விஷயத்தில் நம்பாதீர்கள்.

பிரிட்டனில் கணக்கு வேறு. ஃபீபி வாலர்-பிரிட்ஜின் 'ஃப்ளீபேக்' இரண்டு சீசனும் சேர்த்து 12 எபிசோட். ஒருவரே உட்கார்ந்து எழுதி முடிக்கலாம், அதற்கு வருடக் கணக்கில் நேரமும் எடுத்துக்கொள்ளலாம். இந்த வேறுபாடு அமெரிக்கச் சங்க விதியிலும் இடம் பிடித்திருக்கிறது. 2023 ஒப்பந்தப்படி, ஒப்புதல் கிடைத்த தொடருக்கு எபிசோட் எண்ணிக்கை ஆறு வரை என்றால் குறைந்தது மூன்று எழுத்தாளர்கள், 7 முதல் 12 என்றால் ஐந்து, 13 அல்லது அதற்கு மேல் என்றால் ஆறு. ஒரே எழுத்தாளர் சீசன் முழுவதையும் எழுதினால் விலக்கு உண்டு.

மறுபடி 'மிண்டி ப்ராஜெக்ட்'. முதல் சீசனில் துணை நடிகர்கள் பாதியில் மாறிக்கொண்டே இருந்தார்கள். தொடர் எதைப் பற்றியது என்று பிடிபடவே பல வாரங்கள் ஆயின. கிறிஸ் மெசினாவின் டேனி பாத்திரத்தோடு ஏற்படும் உரசல் மையத்துக்கு வந்த பிறகுதான் தொடர் காலூன்றியது. மூன்று சீசன், 67 எபிசோட் ஆனதும் 2015 மே மாதம் ஃபாக்ஸ் நிறுத்தியது. சில நாட்களிலேயே ஸ்ட்ரீமிங் தளமான ஹுலு எடுத்துக்கொண்டது. இதை ரசிகர்களின் வெற்றி என்று எழுதினார்கள். கொஞ்சம் உண்மை. மீதி உண்மை கணக்கில் இருக்கிறது.

நெட்வொர்க் கொடுக்கும் உரிமத் தொகை ஓர் எபிசோடின் முழுச் செலவையும் ஈடுகட்டாது. மீதியை ஸ்டுடியோ கைக்காசு போட்டு எடுக்கும். அந்த நட்டத்தைத் திரும்பப் பெறும் வழி, நூறு எபிசோடை நெருங்கியபின் மறு ஒளிபரப்புக்கு மொத்தமாக விற்பது. 67-ல் நின்றால் ஸ்டுடியோவுக்கு விற்பனைச் சரக்கு குறை. ஹுலுவிடம் பழைய சீசன்களின் ஸ்ட்ரீமிங் உரிமை ஏற்கெனவே இருந்தது. யார் பார்க்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். தவிர அன்று ஹுலுவின் பங்குதாரர்களில் யுனிவர்சலின் தாய் நிறுவனமும் ஒன்று. ஹுலுவில் 26, 14, 10 என்று மூன்று சீசன் வந்து, 2017 நவம்பரில் 117 எபிசோடோடு முடிந்தது.

அதன்பின் கேலிங் செய்ததுதான் இந்தத் தொழிலின் அசல் பாடம் என்று எனக்குப் படுகிறது. கதாநாயகி வேடத்தை விட்டுவிட்டார். நாயகியாக நடித்தால் வருடத்துக்கு ஒரு தொடர்தான். நடிப்பை விட்டால் இரண்டு, மூன்று. கூட்டாளிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். 'சாம்பியன்ஸ்' தொடரைச் சேர்ந்து உருவாக்கிய சார்லி கிராண்டி, 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் லாங் ஃபிஷர், 'ரன்னிங் பாயிண்ட்' தொடரின் ஐக் பரின்ஹோல்ட்ஸ், டேவிட் ஸ்டாசன் எல்லோருமே 'மிண்டி ப்ராஜெக்ட்' எழுத்தாளர் அறையில் இருந்தவர்கள். ஆறு சீசன் அந்த அறையை நடத்தியபோது, தன் ரசனை தெரிந்த, தான் இல்லாமலும் தொடரை நடத்தக்கூடிய ஒரு கூட்டம் தயாராகியிருந்தது. தொடர் ஒன்று முடியும்போது மிஞ்சும் நிஜமான சொத்து இதுதான். நடிகையாக மட்டும் இருந்திருந்தால் இது மிஞ்சியிருக்காது.

'நெவர் ஹேவ் ஐ எவர்' 2020 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்ஸில் நான்கு சீசன், பத்துப் பத்தாக 40 எபிசோட். கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண் தேவியின் கதை. நாயகிக்குப் பொது அழைப்பு விடுத்தார்கள்; வந்த சுமார் 15,000 பேரில் தேர்வானவர், அதுவரை தொழில்முறையில் நடித்திராத கனடியத் தமிழர் மைத்ரேயி ராமகிருஷ்ணன். பதினைந்து வருடம் முன்பு தன் பெயருள்ள வேடத்துக்கே தேர்வாகாத ஒருவர், இப்போது மேசையின் மறுபக்கத்தில் இருந்தார்.

இனி சொந்தம் என்ற விஷயம். அமெரிக்காவில் ஸ்டுடியோவுக்கு எழுதும் ஸ்கிரிப்ட் கூலிக்குச் செய்த படைப்பு, பதிப்புரிமை ஸ்டுடியோவுக்கு. சங்க விதிகளின்படி 'உருவாக்கியவர்' என்ற பெயர் பெறுபவருக்கு, தான் எழுதாத எபிசோடுகளுக்கும் ஒவ்வொன்றாகத் தொகை உண்டு. பெரிய பெயர்களுக்கு லாபத்தில் பங்கும் இருக்கும். ஸ்ட்ரீமிங் இந்தப் பின்வரவை மாற்றியது. ஸ்ட்ரீமிங் தளம், எடுக்கும் செலவையும் அதன் மேல் ஒரு விகிதத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பின்னால் விற்கும் உரிமையைத் தானே வைத்துக்கொள்ளும். நட்டமும் இல்லை, குபேரனாகும் வாய்ப்பும் இல்லை. அதனால்தான் கேலிங் போன்றவர்கள் தாங்கள் உருவாக்குவதெல்லாம் ஒரே ஸ்டுடியோவுக்கு என்று கட்டுப்படும் பல வருட ஒட்டுமொத்த ஒப்பந்தங்களுக்குப் போகிறார்கள்; அவர் போட்டது வார்னர் பிரதர்ஸ் டெலிவிஷனோடு.

இதை எதிர்த்துப் பார்த்தவர் பிரிட்டனின் மைக்கேலா கோயல். 'ஐ மே டெஸ்ட்ராய் யூ' தொடருக்கு நெட்ஃபிளிக்ஸ் பத்து லட்சம் டாலர் தர முன்வந்தது. பதிப்புரிமையில் ஐந்து சதவீதம் கேட்டார். பிறகு இரண்டு, ஒன்று, கடைசியில் அரை சதவீதம் வரை இறங்கினார். அதுவும் இல்லை என்றதும் ஒப்பந்தத்தையே உதறிவிட்டு பிபிசிக்குப் போனார். அங்கே உரிமையும் முழுப் படைப்புச் சுதந்திரமும் கிடைத்தன. 12 எபிசோடையும் தானே எழுதினார். 2021-ல் எழுத்துக்கான எம்மி வந்தது. இந்த வழி எல்லோருக்கும் திறக்காது. ஆனால் அரை சதவீதத்துக்குக் கூட ஒரு நிறுவனம் ஏன் அவ்வளவு தயங்கியது என்று யோசித்தால் அதன் மதிப்பு புரியும்.

டைட்டில் கார்டைப் படிக்கத் தெரிவதும் அவசியம். 'வெல்மா' கார்ட்டூன் தொடருக்கு வந்த வசவெல்லாம் கேலிங் தலையில் விழுந்தது. அவர் அதில் எக்சிகியூட்டிவ் ப்ரொட்யூசர், வெல்மாவுக்குக் குரல் கொடுத்தவர். தொடரை வடிவமைத்து நடத்தியவர் சார்லி கிராண்டி. எக்சிகியூட்டிவ் ப்ரொட்யூசர் என்ற ஒரே பட்டத்துக்குள் ஷோரன்னரும் இருப்பார், முதலாளி போலப் பெயர் மட்டும் தருபவரும் இருப்பார், நாயகனின் மேனேஜரும் இருப்பார்.

இந்தக் குழப்பம் கேலிங்கை ஒருமுறை எதிர்ப்பக்கத்திலிருந்தும் தாக்கியது. 'தி ஆஃபீஸ்' எம்மி பரிந்துரை பெற்றபோது, தயாரிப்பாளர் பட்டியல் நீளம் என்று சொல்லித் தன் பெயரை எம்மி வழங்கும் தொலைக்காட்சி அகாடமி நீக்கப் பார்த்ததாகவும், தன் பங்களிப்பை விளக்கிக் கட்டுரை எழுதி, மற்ற எழுத்தாளர்-தயாரிப்பாளர்களிடம் கடிதங்கள் வாங்கித் தரவேண்டி வந்ததாகவும் 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். நடிகர்-தயாரிப்பாளர், எழுத்தாளர்-தயாரிப்பாளர் எல்லோரிடமும் அப்படித்தான் கேட்டோம் என்றது அகாடமி. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம். திரையில் முகம் தெரிகிறவர் எழுதவும் செய்கிறார் என்பதை நிரூபிக்கத் தாள் வேண்டியிருக்கிறது. அதனால் வரைவுகளைத் தேதியோடு, யார் எந்தத் திருத்தம் செய்தார் என்ற பதிவோடு வைத்துக்கொள்வது நல்லது. 'எழுதியவர்' பெயரில் தகராறு வந்தால் சங்கத்தின் நடுவர்கள் படிப்பதும் அந்த வரைவுகளைத்தான்.

மூன்று வேலையிலும் இருப்பவருக்கு வேலைநிறுத்தம் தனிச் சிக்கல். எழுத்தாளர் சங்கம் வேறு, நடிகர் சங்கம் வேறு. எழுத்தாளர்கள் வெளியேறும்போது நடிகர் ஒப்பந்தம் அவரைச் செட்டுக்கு அழைக்கும். தயாரிப்பாளர் பதவி எடிட்டிங் அறைக்கு அழைக்கும். அங்கே உட்கார்ந்து ஒரு வசனத்தை மாற்றினால் அது எழுத்து வேலை, விதிமீறல். 2007-08 வேலைநிறுத்தத்தில் கேலிங்கும் நோவாக்கும் மறியலில் நின்றார்கள்; ஸ்டீவ் கேரலும் வேலைக்கு வராததால் 'தி ஆஃபீஸ்' நின்றது. 2023-ல் இரண்டு சங்கமும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்த சுமார் இரண்டரை மாதம் இந்த இழுபறி எழவே இல்லை.

இதே வழியில் போக நினைக்கும் நடிகை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை சில. ஸ்கிரிப்ட் விற்கும்போது நடிப்பையும் அதே தாளில் கட்ட வேண்டும். ஸ்டுடியோ சம்மதிக்காவிட்டால், வேறு நடிகை வந்தால் தனக்கு என்ன தொகை, என்ன பட்டம் என்றாவது எழுத வேண்டும். தயாரிப்பாளர் பட்டம் எந்த சீசனிலிருந்து எந்தப் படிக்கு உயரும் என்பது முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நடிப்புக்கும், எழுத்துக்கும், தயாரிப்புக்கும் தனித்தனித் தொகை. ஒரே தொகையாகப் போட்டால் எது எதற்கென்று பின்னால் தெரியாது, மறு ஒளிபரப்புப் பணம் கணக்கிடும்போது இடிக்கும். ஷோரன்னராகத் தொடர முடியாமல் போனாலும் 'உருவாக்கியவர்' பெயரும் எபிசோட் தொகையும் தொடருமா என்று கேட்க வேண்டும். இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுப்பதில் தனக்கு ஒப்புதல் உரிமை வேண்டும். கையெழுத்துக்கு முன் எல்லோரும் தலையாட்டிவிட்டு, முதல் சீசன் நடுவில் ஞாபகமில்லை என்று சொல்வது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.